‘இன்னுமா படிக்கலை?’ என்று கேட்பதை நிறுத்துவோம்

மதுரை வாசிப்பு வட்டத் தோழர்களுக்கு,

வணக்கம். ஒரு பெயரை நாலு பேர் சொன்னால் ஆசை வரும். பார்க்கிறவரெல்லாம் சொன்னால் கடன்காரர் பெயரைக் கேட்டதுபோல முகம் சுளிக்கத் தோன்றும். நல்ல எழுத்தாளர்கள் பலரை இப்படித்தான் நாமே வாசகரிடமிருந்து விரட்டுகிறோம்.

ஜி. நாகராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மதுரைக்காரனா இருந்துக்கிட்டு நாகராஜனைப் படிக்கலையா?’ என்று புதிதாக வரும் கல்லூரிப் பையனிடம் கேட்கிறோம். அடுத்த மூச்சிலேயே அவர் வாழ்க்கைக் கதையை அவிழ்த்துவிடுகிறோம். எழுத்தைத் தொடும் முன்பே பையன் மனதில் ஒரு பிம்பம் ஏறிவிடுகிறது. படித்துப் பிடிக்காமல் போனால் நம்மிடம் சொல்லக் கூசுவான்; அதற்குத் திறக்காமலே இருந்துவிடலாம் என்று தோன்றிவிடும். இத்தனைக்கும் 1974இல் வந்த ‘நாளை மற்றுமொரு நாளே’ சின்ன நாவல்தான். ‘கந்தன்னு ஒருத்தன், அவனோட ஒரே ஒரு நாள்’ என்று மட்டும் சொல்லிக் கையில் கொடுங்கள்.

கல்கி விஷயம் வேறு. அவர் எழுத்துகள் நாட்டுடைமையானதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். புத்தகத் திருவிழாவில் கடைக்குக் கடை ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் கட்டாக நிற்கும். 2022இல் படம் வந்தபின் கேட்கவே வேண்டாம். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர் அது. அடுத்த இதழுக்கு இழுத்துப் பிடிக்கும் அத்தியாய முடிவுகளும் முன்கதை நினைவூட்டல்களும், மொத்தமாக உட்கார்ந்து படிப்பவருக்குச் சலிப்புத் தட்டலாம். இதை நாம் சொல்வதில்லை. பாதியில் நின்றவர் தன் மேல்தான் குறை என்று நினைத்துக் கல்கி பக்கமே திரும்புவதில்லை. புதியவருக்கு முதலில் ‘பார்த்திபன் கனவு’ கொடுங்கள். அளவில் எவ்வளவோ சிறியது. பெரியதை எடுப்பவரிடம், நாளுக்கு இரண்டு அத்தியாயம் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

சிபாரிசுக்கு முன், கடைசியாக அவர் முழுதாகப் படித்தது எது என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு தலைப்பு, ஒரே ஒரு தடவை. சிறுகதையென்றால் அந்தப் பக்கத்தில் சீட்டு வைத்துக் கொடுங்கள். ‘படிச்சாச்சா?’ என்று விசாரிக்க வேண்டாம். காரியம் பெரும்பாலும் கெடுவது அங்கேதான். பாதியில் திருப்பித் தந்தால் காரணம் கேட்காமல் வாங்கிக்கொண்டு வேறு எழுத்தாளரைக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் ‘கட்டாயம் படிக்க வேண்டியவை’ பட்டியலுக்குப் பதிலாக, ஆளுக்கு ஒரு பக்கம் உரக்க வாசிக்கட்டும். எழுதியவர் பெயரை வாசித்து முடித்தபின் சொன்னால் போதும்.

அன்புடன்,
மதுரை நூலக வாசகர்கள்