கோஜன்ட் எண்டா என்னப்பா

மகன்,

செவ்வாய்க்கிழமை விடிய ரெண்டு மணிக்கு "கோஜன்ட் எண்டா என்னப்பா" எண்டு ஒரு வரி அனுப்பிப்போட்டு பிறகு சத்தமே இல்ல. மூண்டு நாளா நீல டிக்கும் விழேல்ல. நான் ஒண்டும் கேக்கேல்ல. நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றன். 31 வருசம் இங்கிலீஷ் படிப்பிச்சவன்ட்ட மகன் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேக்கிறது எனக்குப் பெருமைதான், ஆனா ஓஎல் படிக்கேக்க அந்த டிக்‌ஷனரியத் தொடு தொடு எண்டு எத்தின தரம் கத்தினன்.

சொல்ற நியாயம் வலுவா இருக்கு, கேக்கிறவர் தட்டிக்கழிக்க ஏலாது, அதுதான் கோஜன்ட். ஆளுக்குப் பெரிசா போடமாட்டினம். காரணத்துக்கு, வாதத்துக்கு, சாட்சியத்துக்குப் போடுவினம். கோஜன்ட் ரீசன், கோஜன்ட் எவிடன்ஸ். அந்த வலுவுக்குப் பேர் கோஜன்சி. பெர்சுவேசிவ் வேற. அதின்ட லத்தீன் வேர் ஸ்வீட் எண்ட சொல்லுக்குச் சொந்தம், இனிக்க இனிக்கக் கதைச்சே ஆளை மசிய வைக்கலாம், உன்னை அனுப்பின ஏஜென்ட் எங்கட விறாந்தையில இருந்து கதைச்சானே, அப்பிடி. கோஜன்டுக்கு லத்தீன்ல வேர் கோகெரே, ஒண்டாச் சேத்து ஓட்டுறது. தம்பலகாமத்தில அந்தியில பட்டி சாய்ச்சுக்கொண்டு வருவினமே, ஒரு மாடும் விலகாம, அது மாதிரி காரணமெல்லாம் சேந்து ஒரே பக்கம் போகோணும். ஏஜென்ட் எண்ட சொல்லும் அதே குடும்பம்தான், அதை விடு.

ரத்தம் உறையிறதுக்கு கோஅகுலேட் எண்டு சொல்றது, அதுவும் இந்த வேர்தான். எருமைத் தயிர் நல்லா உறைஞ்சா சட்டியச் சரிச்சாலும் அசையாது. அதுதான் கோஜன்ட். ஆனா உறையாத பாலும் பால்தான் மகன், பொய்ப் பால் இல்ல. இதை ரெண்டாந்தரம் வாசி. ஆராவது ஒண்டைக் கோஜன்ட் இல்ல எண்டு எழுதினா பொய் எண்டு எழுதினதா ஆகாது, துண்டு துண்டா நிக்குது, சேரேல்ல எண்டு மட்டும்தான்.

சாப்பிடு. போனை ஓஃப் பண்ணி வைக்காத. அம்மாவுக்கு சீனி கொஞ்சம் கூடிட்டு, மான் வந்து அவவின்ட செவ்வரத்தைய மேஞ்சிட்டு எண்டு விடிய இருந்து பேச்சு. வேற புதினம் இல்ல. போனை ஓஃப் பண்ணி மட்டும் வைக்காத.

மகன், போன வருசம் உன்ட அகதி வழக்குக்கு லோயர் கேட்டதெண்டு என்னட்ட ஒரு கடிதம் கேட்டனி. நான் அனுப்பினது அரைப் பக்கம். திகதி போடேல்ல. கேற்றடிக்கு எத்தின பேர் வந்தவங்கள் எண்டு எழுதேல்ல, உன்னை எத்தின நாள் வச்சிருந்தவங்கள் எண்டு எழுதேல்ல. சம் டிஃபிகல்டீஸ் எண்டு எழுதினன். வழியில ஆராவது உடைச்சு வாசிச்சா எண்டு எனக்குப் பயம், அம்மாட்ட எல்லாம் விவரமா எழுதினன் எண்டு பொய் சொன்னன். பத்தாம் வகுப்புப் பிள்ளை எஸ்ஸேயில அப்பிடி எழுதியிருந்தா சிவப்புப் பேனையால வெட்டித் திருப்பிக் குடுத்திருப்பன். நீ செவ்வாய்க்கிழமை கேட்ட உடனயே எனக்கு விளங்கிட்டு, உன்ட வழக்கைப் பாக்கிறவங்கள் எந்தக் கடிதத்தைப் பாத்து அந்தச் சொல்லை எழுதியிருப்பாங்கள் எண்டு.

புதன்கிழமையில இருந்து திருப்பி எழுதுறன். நாலு பக்கம் வந்திட்டு. திகதி, நேரம், அண்டைக்கு நான் கதவுக்குப் பின்னால நிண்டது, வெளிய வராம நிண்டது, எல்லாம் இருக்கு. திங்கக்கிழமை சமாதான நீதவானிட்ட சீல் வாங்கப் போறன். அம்மாக்கு இன்னும் சொல்லேல்ல.

லோயர்ட அட்ரஸ் பழசுதானோ. அதை மட்டும் ஒரு வரி போடு.

அப்பா