212 பேர் 'ஆம்' என்றால் பெரும்பான்மையா?

கருத்துக்கணிப்பு முடிவுகளை வெளியிடும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். '53 சதவீதம் பேர் ஆதரவு: பெரும்பான்மையின் முடிவு' என்பதுபோல் ஒரு தலைப்பைப் பார்த்தால் என் கை பேனாவைத் தேடும். எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் பிடித்து, ஓரத்தில் ஒரு சின்னக் கணக்குப் போடுவேன். பல நேரம் உங்கள் தலைப்பு அந்தக் கணக்குக்குத் தாங்குவதில்லை.

400 பேரிடம் கேட்டதில் 212 பேர் 'ஆம்' என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். 53 சதவீதம். ஆனால் நீங்கள் பேசுவது அந்த 400 பேரைப் பற்றி மட்டுமல்ல, கேட்காமல் விட்ட அத்தனை பேரையும் சேர்த்துத்தான். அப்படியானால் முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை ஒப்புக்கொண்டு பார்க்க வேண்டும்: மக்கள் சரிபாதியாகத்தான் பிரிந்திருக்கிறார்கள். இதுதான் இன்மைக் கருதுகோள். அது உண்மையாகவே இருந்தாலும், மாதிரியில் யார் யார் வந்து விழுந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை முன்பின் ஆடும். எவ்வளவு ஆடும்? 0.5-ஐ 0.5-ஆல் பெருக்கி, 400-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 0.025, அதாவது இரண்டரை சதவீதப் புள்ளி. இதற்குத் திட்டப் பிழை என்று பெயர். பெயரில்தான் பிழை, யாரும் தப்புச் செய்துவிடவில்லை.

நீங்கள் கண்ட வித்தியாசம் 3 புள்ளி. அதை 2.5-ஆல் வகுத்தால் 1.2. 'பாதிக்கு மேல்' என்று 5 சதவீத மட்டத்தில் சொல்ல, அதாவது மக்கள் சரிபாதியாக இருந்தும் தற்செயலால் ஏமாந்து அப்படிச் சொல்லிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாமல் இருக்க, இந்த எண் 1.645-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. கோளாறு இல்லாத நாணயத்தை 400 தடவை சுண்டிப்போட்டாலே, 212 அல்லது அதற்கு மேல் தலை விழ நூற்றுக்குப் பன்னிரண்டு வாய்ப்பு உண்டு. அதற்காக மக்கள் சரிபாதி என்று நிரூபணமாகிவிட்டதாகவும் எழுதிவிடாதீர்கள். இந்தத் தரவு போதவில்லை, அவ்வளவுதான். அதே 53 சதவீதம் 1,600 பேரிடம் கிடைத்திருந்தால் விடை 2.4, அப்போது தாராளமாகத் தலைப்புப் போடலாம்.

இதைவிட என்னை உறுத்துவது 'தெரியாது' என்றவர்களின் கதை. அந்த 400 பேரில் 40 பேர் 'தெரியாது' என்றார்கள் என்போம். அவர்களைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டால் 360-க்கு 212, கிட்டத்தட்ட 59 சதவீதம். 1.2-ஆக இருந்த எண் 3.37-க்குத் தாவிவிடும்! புதிதாக ஒருவர்கூட 'ஆம்' சொல்லவில்லை. கேள்விதான் மாறியிருக்கிறது: 'எல்லோரிலும் பாதிக்கு மேலா' என்பது போய், 'கருத்துச் சொன்னவர்களில் பாதிக்கு மேலா' என்றாகிவிட்டது. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். எதைக் கேட்கப் போகிறோம் என்பதை விடைத்தாள்களைப் பிரிக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு வசதியான கேள்வியைத் தேர்ந்தெடுத்தால், அந்த 5 சதவீத மட்டத்துக்கு அர்த்தமே இல்லை.

அப்புறம், எண்ணிக்கையைக் காட்டி மிரட்டாதீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஒரு கோடிப் படிவங்களை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். தொலைபேசிப் பட்டியல், கார் வைத்திருப்போர் பட்டியல் என்று பெயர் திரட்டியதில் வசதியுள்ளவர்கள் கூடிப்போனார்கள். படிவத்தைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு தினுசானவர்களே. நான் மேலே போட்ட கணக்கு, எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கி எடுத்த மாதிரிக்குத்தான் செல்லும். விருப்பப்பட்டவர்கள் மட்டும் வாக்களித்த கணிப்புக்கு அதைப் போடுவது வீண்வேலை.

ஆகவே ஒவ்வொரு முடிவோடும் நான்கு வரி சேர்த்துப் போடுங்கள்: ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், 'தெரியாது' எத்தனை, கேட்ட கேள்வி வார்த்தைக்கு வார்த்தை என்ன. மீதிக் கணக்கை ஓரத்தில் நான் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேனாவும் கையுமாக ஒரு வாசகன்