பழைய குயில்ட்களை வெட்டிச் சட்டை தைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பழம்பொருள் வணிகர்களுக்கும், பழைய குயில்ட்களை, அதாவது துணிகளைச் சேர்த்து அடுக்கித் தைத்த போர்வைகளை, மேல்சட்டையாகவும் கைப்பையாகவும் மாற்றி விற்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். பழைய துணிகளைச் செப்பனிடுவது என் தொழில். நூறு, இருநூறு ஆண்டு தாண்டிய அச்சுப் பருத்திக் குயில்ட்களை வெட்ட வேண்டாம் என்று உங்களிடம் பலரும் சொல்லியாயிற்று. "கிழிந்ததைத்தானே வெட்டுகிறோம்" என்ற உங்கள் பதிலும் எல்லோருக்கும் பழகிவிட்டது. சென்ற வாரம் ஒரு பெண் என்னிடம் கொண்டுவந்த மேல்சட்டையைப் பார்த்த பிறகு, அந்தப் பதிலோடு சும்மா இருக்க முடியவில்லை.

அறுகோணத் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை ஒன்றிலிருந்து வெட்டிய சட்டை அது. நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். நாலைந்து முறை உடுத்துவதற்குள் பழுப்புப் பூக்கள் இருந்த இடமெல்லாம் பொடிந்து உதிர்ந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் சிவப்பு கெட்டியாக நிற்கிறது. காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்காலத்து அச்சுக்காரர்கள் சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலையும், கறுப்பும் பழுப்பும் வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும் அச்சிட்டு, பிறகு மஞ்சிட்டிச் சாயத்தில் தோய்த்தார்கள். அந்த இரும்பு, பருத்தி இழையை நாளாக நாளாக அரித்துவிடும். கட்டிலில் விரித்துக் கிடந்தவரை தாக்குப்பிடித்த துணி, முழங்கை மடங்கும் இடத்தில் எப்படித் தாங்கும்? இதைச் சரிசெய்ய முடியாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. உங்களுக்கு வந்திருக்க வேண்டிய வேலை.

உள்மடிப்பைப் பிரித்தபோதுதான் வயிறு எரிந்தது. ஓர் அறுகோணத்தின் பின்னால் விரல்நகம் அளவு தாள், அதில் பேனாவால் எழுதிய எண்கள், பாதியில் கத்தரி போன தடம். இங்கிலாந்தில் இவ்வகைப் போர்வைக்குத் துணித்துண்டை அதே வடிவில் வெட்டிய தாளின் மேல் மடித்துத் தைப்பார்கள். கடிதம், செய்தித்தாள், கணக்கு நோட்டு என்று கைக்குக் கிடைத்த தாளையெல்லாம் அதற்கு வெட்டிக்கொண்டார்கள். தைத்தவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை. அவர் எந்த ஊர், எந்தக் காலம் என்று ஊகிக்க அந்தத் தாள்தான் பல நேரம் ஒரே ஆதாரம். மற்ற தாள்களை எல்லாம் உருவி எறிந்துவிட்டீர்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

அதே மடிப்பில் இன்னொன்றும் கண்டேன். வெளியே நீலமாகத் தெரிந்த இலை, மடிப்புக்குள் பச்சையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஒரே அச்சில் பச்சை வராது. நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றிப் பச்சை வரவழைத்தார்கள். வெளிச்சம் பட்டு மஞ்சள் போய்விட, நீலம் மட்டும் தங்கிவிடுகிறது. வெளிச்சம் படாத மடிப்பில்தான் அச்சுக்காரர் நினைத்த நிறம் இன்னும் இருக்கிறது. உங்கள் மேசையில் அந்த மடிப்புக்குப் பெயர் குப்பை.

ஒரு துண்டுத் துணி எவ்வளவு சொல்லும் என்று பாருங்கள். சோழமண்டலக் கரையில் சாயவேரும் கடுக்காயும் கொண்டு எழுதிய சீட்டித் துணி இங்கிலாந்து வீடுகளில் அவ்வளவு பரவியதால், அங்கே நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அச்சுப் பருத்தியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் 1721இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1774இல் உள்நாட்டில் நெய்த பருத்திக்கு அந்தத் தடை நீங்கியது. ஆனால் அத்துணியின் கரையில் மூன்று நீல இழைகள் ஓட வேண்டும் என்று விதி வந்தது. 1811வரை அந்த விதி நடப்பில் இருந்தது. ஒரு குயில்டின் தையலுக்குள் அந்த மூன்று இழை தப்பிக் கிடந்தால், துணியின் வயதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். அந்தக் கரையைத்தான் நீங்கள் முதலில் கத்தரித்து ஒதுக்குகிறீர்கள்.

இதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைத்து, பூமியைக் காப்பதாக விளம்பரம் வேறு. இருநூறு ஆண்டு இருந்ததை ஒரு பருவத்தில் முடித்துவிடுவது எந்தக் கணக்கில் காப்பது? உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பாட்டியின் போர்வையைப் பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்க்காமல் மூட்டையோடு தள்ளிவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. பட்டு என்றால் கண்ணாடிப் பெட்டி, பருத்தி என்றால் பழந்துணி என்ற நினைப்பு படித்தவர்களிடமும் இருக்கிறது.

இருந்தாலும் கத்தரி உங்கள் கையில் இருக்கிறது; அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன். வெட்டாதீர்கள். பழைய அச்சு வடிவங்களைப் புதிதாக அச்சிட்ட பருத்தி தாராளமாகக் கிடைக்கிறது. சட்டைக்கு அது போதும், உழைக்கவும் செய்யும். நாய் கடித்ததும் எலி தின்றதும் வந்து சேரும், எனக்குத் தெரியும். அப்படிப்பட்டதையும் வெட்டும் முன் இருபுறமும் படம் எடுங்கள். பின்னால் தாள் இருந்தால் உருவாதீர்கள். கரை கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். வயது புரியாவிட்டால் எனக்கோ, உங்களுக்குப் பக்கத்தில் உள்ள துணி அறிந்த ஒருவருக்கோ படத்தை அனுப்பிவிட்டு ஒரு நாள் பொறுங்கள். நான் கூலி வாங்காமல் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பழந்துணி செப்பனிடுபவர் ஒருவர்