காலிப் புலத்தைக் காலியாகவே விடுங்கள்

வானிலை நிலையங்களில் அளவுகளைப் பதிவுசெய்யும் லாகர் கருவிகளுக்கு நிரல் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கருவிகள் எழுதித் தள்ளும் கோப்புகளைப் படிப்பவர்களில் நானும் ஒருவன். ஒரே நிலையத்தின் ஆறு ஆண்டுக் கோப்புகளைச் சேர்த்து வைக்க உட்கார்ந்தேன். இரண்டு மாலையில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு மாதம் இழுத்தது, இன்னும் முடியவில்லை. சென்சார்கள் மேல் குறையில்லை, அவை ஒழுங்காகத்தான் அளந்திருக்கின்றன. அளந்ததை எழுதிவைத்த விதத்தில்தான் கோளாறு.

முதலில் தேதி. 03/04/12 என்றால் என்ன நாள்? நாள் முதலில் வருகிறதா, மாதமா, ஆண்டா என்று கோப்பில் எங்கும் இல்லை. முதல் 12 தேதிகளை நாள், மாதம் மாற்றிப் படித்தாலும் நிரல் முனகாது. 13ஆம் தேதி வந்ததும் திணறி நிற்கும். நின்றால் புண்ணியம். சில நிரல்கள் நிற்காமல், அந்த வரியை மட்டும் சரியாகப் படித்துவிட்டு மேலே போகும். முடிவில் ஏப்ரல் மாத வெயில் பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். தேதி, நேரம் எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் 1988லிருந்து இருக்கிறது. 2012-04-03 என்று எழுதினால் குழப்பமே இல்லை. எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும்.

நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதுங்கள். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில், ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மணி நேரம் இரண்டு தடவை வருகிறது. அந்த இரண்டையும் பிரித்தறியக் கோப்பில் வழியே இல்லை. இன்னொன்று: 00:00 என்று போட்ட வரி, முடிந்த இடைவெளியைச் சொல்கிறதா, தொடங்கும் இடைவெளியையா? நள்ளிரவுக்குச் சற்று முன் கொட்டிய மழை எந்த நாள் கணக்கில் சேரும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். சென்சார் பதில் சொல்லாதபோது -999 என்று எழுதுகிறீர்கள். 28 டிகிரியில் சீராக இருந்த ஒரு நாளின் 24 மணிநேர அளவுகளில் ஒன்று மட்டும் -999 ஆனால், அந்த நாளின் சராசரி -14.8! இதையாவது பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். வேறு சில பதிப்புகள் 0 எழுதுகின்றன. மழைமானியின் கம்பி அறுந்த வாரமும் மழையே பெய்யாத வாரமும் கோப்பில் ஒன்றுபோலவே தெரிகின்றன. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு வெற்றிடம் போதும். இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே, அந்த அளவுக்கு உரிய புலத்தில், ஒன்றும் எழுதாமல் விடுங்கள்.

காற்புள்ளி என்றதும் நினைவுக்கு வருகிறது. கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து 29.4 என்பதை 29,4 என்று எழுதுகிறீர்கள், புலங்களைப் பிரிப்பதும் அதே காற்புள்ளிதான். வெப்பநிலை இரண்டாக உடைந்து, பின்னால் வரும் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகின்றன. ஈரப்பதம் இருக்க வேண்டிய இடத்தில் 4 உட்கார்ந்திருக்கிறது. கருவிக்குள் இருக்கும் நிரலான ஃபார்ம்வேரைப் புதுப்பித்தபோது நடுவில் ஒரு புலத்தைச் சத்தமில்லாமல் செருகியதும் இதே வகைதான். புதிய புலத்தைக் கடைசியில் சேருங்கள், அல்லது புதிய கோப்பு தொடங்குங்கள்.

அலகுகளும் அப்படித்தான். காற்று 10 என்றால் நாட்டா, மணிக்குக் கிலோமீட்டரா? ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். அழுத்தம் நிலையத்தில் அளந்ததா, கடல்மட்டத்துக்குத் திருத்தியதா? தாழ்வான பகுதிகளில் 100 மீட்டர் உயரத்துக்கே சுமார் 12 ஹெக்டோபாஸ்கல் மாறும். மழை அந்த இடைவெளியில் பெய்ததா, காலையிலிருந்து கூட்டியதா? காற்றின் திசைக்கு எப்படிச் சராசரி எடுத்தீர்கள்? 350க்கும் 10க்கும் சாதாரணச் சராசரி 180. வடக்கிலிருந்து வீசிய காற்று தெற்கிலிருந்து வீசியதாகிவிடும்.

இதெல்லாம் செய்ய முடியாததல்ல. கேம்ப்பெல் சயின்டிஃபிக் லாகர்களின் டிஓஏ5 கோப்பில் நான்கு தலைப்பு வரிகள் உண்டு: எந்தக் கருவி, புலத்தின் பெயர், அலகு, சராசரியா கூட்டலா. நான்கே வரிகள்தான், யாரையும் கேட்காமல் படித்துவிடலாம்.

உங்கள் அடுத்த பதிப்பு எப்போது வருமோ தெரியாது. அதுவரை ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இதுவரை வந்த ஒவ்வொரு பதிப்பும் புலங்களை எந்த வரிசையில், எந்த அலகில் எழுதியது என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து வெளியிடுங்கள். என்னிடம் இன்னும் இரண்டு ஆண்டுக் கோப்புகள் பாக்கி.

இப்படிக்கு,
உங்கள் கோப்புகளைப் படிக்கும் ஒருவன்