'அப்ராக்சின்' கப்பலும் கம்பியில்லாத் தந்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுஷிமா கடற்போர் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், 1905 மே 28 அன்று ஜப்பானியரிடம் சரணடைந்த ரஷ்யக் கப்பல்களின் வரிசையில் 'ஜெனரல்-அட்மிரல் அப்ராக்சின்' பெயரும் போகிறபோக்கில் வந்திருந்தது. வணிகக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக மோர்ஸ் சாவியைத் தட்டிப் பிழைத்தவன் நான். அந்தக் கப்பலை அவ்வளவோடு விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

1896ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நீரில் இறக்கப்பட்ட கரைக்காவல் கவசக் கப்பல் அது. எடை நாலாயிரம் டன்னுக்குச் சற்று மேல். 1899 நவம்பரில் பனிப்புயலில் சிக்கி, பின்லாந்து வளைகுடாவின் கோக்லாண்ட் தீவருகே பாறையில் ஏறி நின்றுவிட்டது. தீவிலிருந்து தந்தி கொடுக்க வழியில்லை. உறைந்துகொண்டிருந்த கடலில் கம்பி போடுவதும் ஆகாத காரியம். குரோன்ஷ்டாட் கடற்படைப் பள்ளி ஆசிரியர் அலெக்சாண்டர் போப்போவும் அவருடைய உதவியாளர் ரிப்கினும் தீவில் ஒன்று, பின்லாந்துக் கரையிலுள்ள கோட்கா நகரருகே ஒன்று என இரண்டு கம்பியில்லாத் தந்தி நிலையங்களை அமைத்தார்கள். இடைத்தூரம் 40 கிலோமீட்டருக்கும் அதிகம்.

1900 பிப்ரவரி 6 அன்று கோக்லாண்டுக்கு ஒரு கட்டளை வந்தது. லாவன்சாரி தீவருகே பனிப்பாளம் உடைந்து மீனவர்களோடு மிதந்து போகிறது, உடனே உதவவும் என்று 'யெர்மாக்' பனியுடைப்புக் கப்பலின் கேப்டனுக்கு. யெர்மாக் விரைந்து போய் 27 பேரை மீட்டு வந்தது. கம்பியில்லாத் தந்தியில் உதவி கேட்ட டைட்டானிக் மூழ்குவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது! என் தொழிலில் இருந்த யாருக்கும் நெஞ்சு நிமிரும் செய்தி.

ஏப்ரலில் பாறையை வெடிவைத்து உடைத்து, அப்ராக்சினையும் மிதக்கவிட்டார்கள். அந்த மீட்புப் பணியை நடத்தியவர் ரோஜெஸ்த்வென்ஸ்கி. ஐந்தாண்டு கழித்து சுஷிமாவில் ரஷ்யப் படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அங்கே ஜப்பானின் 'ஷினானோ மாரு' ரஷ்யக் கப்பல்களைக் கண்டு கம்பியில்லாத் தந்தியில் தகவல் அனுப்பியது. ஜப்பானியரின் தந்திகளைக் குலைத்துவிடட்டுமா என்று, வலுவான கருவி வைத்திருந்த 'யூரல்' கப்பல் கேட்டபோது, வேண்டாம் என்று ரோஜெஸ்த்வென்ஸ்கி தடுத்துவிட்டார். கோக்லாண்டில் கம்பியில்லாத் தந்தியின் பலத்தைக் கண்ணால் பார்த்தவர் இப்படிச் செய்தாரே என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

சரணடைந்த அப்ராக்சின், 'ஒகினோஷிமா' என்ற பெயரில் ஜப்பானியக் கடற்படையில் சேர்ந்து, 1914ல் சீனாவின் சிங்தாவ் துறைமுக முற்றுகைக்கும் போனது.

கோக்லாண்ட் மீட்பைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும். போப்போவ், ரிப்கின் பெயர்கள் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் வானொலி அதிகாரி,
தூத்துக்குடி