அவரை எந்தக் கடையில் பார்ப்பது?

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? ஈப்போவில் மழை கொட்டித் தீர்க்கிறது என்று தம்பி சொன்னான். இங்கே அரை மணி நேரம் தூறினாலே போதும், ஆட்டோக்காரர்கள் யாரும் எந்தப் பக்கமும் வர மாட்டேன் என்கிறார்கள்.

போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமாவின் நண்பர் மூலம் வந்திருக்கும் அந்த ஃபிரேசர் டவுன் வரனை "டவுனில் ஏதாவது ஒரு காப்பிக் கடையில் பார்த்துப் பேசிவிட்டு வா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். மலேசியாவில் நம் ஊர் என்றால் சரி. கோப்பிக் கடை எதுவானாலும் அதே பளிங்கு மேசை, அதே மர நாற்காலி, கேட்டவுடன் பால் விடாத கோப்பி ஓ. இரவு என்றால் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை இருக்கிறது, விடிய விடிய உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. டவுன் நடுவிலேயே வகை வகையாகக் கடைகள், ஒவ்வொன்றிலும் உட்காரும் முறை வேறு. சிலவற்றில் உட்காரவே முடியாது.

முதலில் தர்ஷினி. தெருவுக்குத் தெரு இருக்கிறது. பில் போட்டு, சீட்டைக் கவுண்டரில் நீட்டினால், காப்பிக்காரர் வரிசையாக நிற்கும் டம்ளர்களில் டிகாக்ஷனை ஒரே இழுப்பில் ஊற்றிக்கொண்டே போவார். சொட்டு கீழே சிந்தாது. பின்னாலேயே கொதிக்கும் பால் மேலிருந்து இறங்கும், நுரை விளிம்புக்கு வந்து நிற்கும். 20 ரூபாய் சொச்சத்துக்கு இந்த ஊரில் கிடைக்கும் மிக நல்ல விஷயம் இதுதான் என்பேன். ஆனால் இடுப்பளவு மேசையில் நின்றபடி குடிக்க வேண்டும். ஆபீஸ் தோழிகளோடு "பை டூ" சொல்லி, ஒரு காப்பியை இரண்டு டம்ளரில் பங்கு போட்டுக் குடிப்பதற்குப் பிரமாதமான இடம். முதல்முறை பார்க்கிற மனிதரோடு பை டூ காப்பி குடித்தால் உனக்கே சிரிப்பு வரும். அவருக்குக் கஞ்சன் என்ற பெயரும் வந்துவிடும்.

எம்.டி.ஆர்., வித்யார்த்தி பவன் எல்லாம் நீ கேள்விப்பட்டிருப்பாய். முன்னது 1924, பின்னது 1943. இரண்டும் டவுனுக்குத் தெற்கே இருக்கின்றன. பசியாறப் போகலாம், பேசப் போகக் கூடாது. நம் இலையை நாம் முடிக்கும் முன்பே நம் நாற்காலியின் மேல் இன்னொருவரின் கண் இருக்கும்.

அப்புறம் புதுக் கடைகள். சர்ச் ஸ்ட்ரீட், இந்திராநகர் பக்கம் போனால் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் எல்லாரும் லேப்டாப்பும் கையுமாக இருப்பார்கள். காப்பிக் கொட்டை எந்த எஸ்டேட்டில் விளைந்தது, எவ்வளவு வறுத்தது என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு கோப்பை 200 ரூபாய்க்கு மேல். குறை சொல்ல மாட்டேன், காப்பி நன்றாகவே இருக்கிறது, சிக்மகளூரும் குடகும் பக்கத்திலேயே இருக்கும்போது நன்றாக இல்லாவிட்டால்தான் தப்பு. மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வந்த புதிதில் வார இறுதியெல்லாம் இப்படிப்பட்ட ஒரு கடையில்தான் கழித்தேன். ஆபீஸ் வேலை நிறைய முடிந்தது. பக்கத்து மேசைக்காரர் பெயர் மட்டும் கடைசி வரை தெரியவில்லை. காதில் மாட்டிய கருவியைக் கழற்றினால்தானே பெயர் கேட்க? ஏற்கெனவே பழகியவர்களோடு போனால் நல்ல இடம்தான். அறிமுகமில்லாத இருவர் அந்த மெல்லிய சங்கீதத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் ஆபீஸ் இன்டர்வியூ போல ஆகிவிடும்.

இந்த மாதிரிக் கடைகளுக்கெல்லாம் தொடக்கம் பிரிகேட் ரோட்டில் 1996இல் திறந்த கஃபே காபி டே. அப்போது காப்பியோடு இன்டர்நெட்டும் விற்றார்களாம். என் ஆபீஸில் ஒரு அக்கா தன் கணவரை முதன்முதலில் பார்த்ததே அந்தக் கடையில்தான். "மெயில் பார்க்கப் போனேன், ஆளைப் பார்த்துவிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் கோஷிஸ் இருக்கிறது. 1940இல் பேக்கரியாகத் தொடங்கிய குடும்பக் கடை. நேரு வந்தார், எலிசபெத் ராணி வந்தார் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். பத்திரிகைக்காரர்கள், நாடகக்காரர்கள், வக்கீல்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாடிக்கையான மேசை உண்டு. எனக்குப் பிடிக்கும். ஆனால் உள்ளே வருபவர்கள் ஒருவருக்கொருவர் கையசைப்பதைப் பார்த்தால், நாம் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நான் பார்க்கப் போகிறவர் பெங்களூர்க்காரர், அங்கே அவருக்கு நாலு பேரைத் தெரிந்திருக்கும், எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆரம்பத்திலேயே ஆட்டம் சமமாக இருக்க வேண்டாமா?

நான் உண்மையிலேயே மனிதர்களைச் சந்தித்த இடம் எது தெரியுமா? இந்தியா காபி ஹவுஸ். முன்பு எம்.ஜி. ரோட்டில் இருந்தது, 2009இல் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு மாறிவிட்டது. வெள்ளை உடுப்பு, தலைப்பாகை, இடுப்பில் பட்டை என்று பரிமாறுபவர்கள் ராஜா வீட்டுச் சேவகர்கள் போல வருவார்கள். சுவரில் அரசின் காபி போர்டு போட்ட பழைய விளம்பரங்கள். கூட்டமான நேரத்தில் தனி மேசை கிடைக்காது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", அதாவது கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லி யாராவது வந்து எதிரே உட்கார்ந்துவிடுவார். இந்த ஊர் முழுக்க ஓடுவது இந்த ஒரு வாக்கியத்தில்தான், பஸ்ஸிலும் இதுதான், லிஃப்டிலும் இதுதான்.

அப்படி ஒரு காலையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பேப்பரையும் ஒதுக்கி எனக்கு இடம் கொடுத்தவர் காக்ஸ் டவுன் பெரியவர் ஒருவர். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஆர்டர் சொன்ன விதத்தைக் கேட்டு, "எந்த ஊர்த் தமிழம்மா இது?" என்றார். ஈப்போ என்றேன். அவ்வளவுதான், பேப்பரை மடித்துவிட்டார். அவருடைய அத்தை ஒருவர் கிள்ளானில் வாக்கப்பட்டவராம். ரப்பர் தோட்டம் இன்னும் இருக்கிறதா, பத்துமலையில் கூட்டம் எப்படி என்று ஒரே கேள்வி. பதிலுக்கு இந்தக் கடையின் கதையைச் சொன்னார். காபி போர்டு தன் கடைகளை மூடத் தொடங்கியபோது வேலை இழந்தவர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் ஒன்று சேர்த்தாராம். தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்தத் தொடங்கியது 1957இல், அதுவும் முதல் சங்கம் இதே பெங்களூரில். "முதலாளி இல்லாத கடையம்மா, அதான் யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை" என்றார். அடுத்த வாரம் போனபோது அதே மேசையில் பாங்கில் ஓய்வு பெற்ற ஒரு அம்மாவை அறிமுகம் செய்துவைத்தார். இப்போது நான் குடியிருக்கும் இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தது அந்த அம்மாதான். புரோக்கருக்குக் கொடுக்க வேண்டிய ஒரு மாத வாடகை எனக்கு மிச்சம்.

அப்படியானால் அங்கேயே பார்க்கலாமே என்பாய். அதுதான் முடியாது. பெரியவர் எதிர் மேசையில் இருப்பார். பாங்க் அம்மா பக்கத்து மேசையில் இருப்பார். பேச்சு முடிவதற்குள் அவர்களே ஜாதகம் கேட்டுவிடுவார்கள். அம்மா சொன்ன தமிழ்ச் சங்கமும் இதே கதைதான். அல்சூர் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது, நூலகத்துக்குப் போய் வருகிறேன், பாதி அல்சூருக்கு என்னைத் தெரியும். அங்கே ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது, 18 வருடம் மூடியே கிடந்து 2009இல்தான் திறந்தார்கள். என் கல்யாணத்துக்கு அவ்வளவு நாள் ஆகாது என்று அம்மாவிடம் சொல்.

ஆகவே, லாவெல் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஏர்லைன்ஸ் ஹோட்டல். பெயரைக் கேட்டுப் பயப்படாதே, சாதாரண டிபன் கடைதான். திறந்தவெளியில் பெரிய மரத்தடியில் மேசைகள். குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள், நடைப்பயிற்சி முடித்து வந்த மாமாக்கள் எல்லாரும் இருப்பார்கள், ஆனால் மேசைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. யார் பேசுவதும் யார் காதிலும் விழாது. பேச்சு நின்றுபோனால் மரத்தைப் பார்க்கலாம், போகிற வருகிறவர்களைப் பார்க்கலாம். முக்கியமான வசதி இன்னொன்று. பிடிக்காவிட்டால் ஒரு ஃபில்டர் காப்பியோடு நாகரிகமாக எழுந்துவிடலாம், பிடித்துப்போனால் தோசை சொல்லலாம். புதுக் கடைகளில் பெரிய கோப்பையை வைத்துக்கொண்டு எப்போது எழுவது என்று தெரியாமல் தவிக்க வேண்டும்.

மாமாவிடம் சொல்லிவிடு: வருகிற சனிக்கிழமை காலை பத்தரை மணி. பதினொன்றரைக்கு மேல் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிடும். மாப்பிள்ளையின் அப்பா அம்மா இந்த முறை வர வேண்டாம், அவர்களைப் பிறகு வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காரில் வந்தால் உள்ளேயே நிறுத்தலாம், அங்கே காருக்கே காப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் நான் காருக்குள் உட்கார மாட்டேன், மேசையில்தான். பில்லை யார் கொடுப்பது என்று அம்மா கேட்பார், பாதிப் பாதி என்று சொல்லிவிடு.

சித்தி மகள் அடுத்த மாதம் சென்னைக்கு வருகிறாளாமே, அவளிடம் வெள்ளைக் கோப்பிப் பாக்கெட் இரண்டு கொடுத்தனுப்பு. சீனி கலக்காதது. காக்ஸ் டவுன் பெரியவர், மார்ஜரின் போட்டு வறுத்த கொட்டையில் காப்பியா என்று நம்பவே மறுக்கிறார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அன்புடன்,
உன் தங்கை