யாழினிக்கு அப்பா எழுதுவது

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள யாழினிக்கு,

கம்பெனி வழக்குகளை விட்டுவிட்டுத் தடுப்பூசிக் கொள்கை, பொதுச் சுகாதாரச் சட்டம் என்று நீ போவதைக் கேட்டதும் உன் பெரியப்பா, "அதில் என்ன வருமானம்?" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

அந்தத் துறையில் எல்லோரும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறார்கள்: தடுப்பூசியை அரசு கட்டாயப்படுத்தலாமா? 1905இல் ஜேக்கப்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் "ஆம்" என்றது. அம்மை குத்திக்கொள்ள மறுத்த பாதிரியாருக்கு விதித்த ஐந்து டாலர் அபராதம் நிலைத்தது. 2022 மே 2 அன்று, கொரோனா தடுப்பூசி பற்றிய ஜேக்கப் புலியேல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது என்றது. பொதுநலன் கருதி அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொன்னது. வாட்ஸ்அப்பில் அவரவருக்கு வேண்டிய பாதியை மட்டும் பரப்பினார்கள். இரு தரப்புக்கும் வாதாட ஆட்களுக்குப் பஞ்சமில்லை, நீ அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

ஊசிக்குப் பிறகு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் 1986இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஊசியிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி. அந்த நிதியிலிருந்து இழப்பீடு. யாருடைய தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. இங்கே அப்படியொரு சட்டம் இல்லாமல், மகனையோ மகளையோ பறிகொடுத்தவர்கள் அரசுக்கு எதிரான ரிட் மனுவோடு நீதிமன்றத்துக்கு அலைகிறார்கள்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தபோது, உன் அம்மா மாநகராட்சி சுகாதார மையத்தில் நர்ஸ். அடுத்த புதன்கிழமை வந்த தாய்மார்கள் யாரும் சண்டை போடவில்லையாம். ஒருத்தி மட்டும் மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு குழந்தையின் கையைத் தானே பிடித்துக்கொடுத்தாள். நம்பிக் கொடுத்த அவளுக்குச் சட்டம் என்ன திருப்பிக் கொடுக்கிறது? உன் வேலை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நம் மாகாணம் 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. என் பழைய பிரதியைக் கூரியரில் அனுப்புகிறேன். ஓரங்களில் உள்ள என் கிறுக்கல்களைப் பொருட்படுத்தாதே.

பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாக இரு. மருந்து வைத்திருக்கும் குளிர்பெட்டியை எப்போது திறப்பார்கள், தடுப்பூசி அட்டையில் எதை முதலில் எழுதுவார்கள், ஊசி போட்டபின் ஏன் அரை மணி நேரம் உட்காரவைப்பார்கள் என்றெல்லாம் அம்மாவிடம் கேள். இவற்றைச் சரியாகக் கேட்டுக் குறுக்கு விசாரணை செய்த வழக்கறிஞரை நான் இன்னும் பார்க்கவில்லை. டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா